வெள்ளி இல்ல சார், வெறும் செம்பு

டேய் வெர்னியரு,

எட்டு மாசமா ஒரு போன் கூட பண்ணலன்னு நீ திட்டுறது இங்க வரைக்கும் கேக்குது. நிச்சயதார்த்தத்துக்கு வரமுடியாம போனதுக்கு முட்டிவலிதான் காரணம், அதுக்கு மேல நோண்டாத. தங்கச்சி சௌக்கியமா? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சுதா? சரி, விஷயத்துக்கு வரேன், இதை வேற யார்கிட்ட ஆரம்பிச்சாலும் "மறுபடி பழைய இரும்பா"ன்னு எழுந்து போயிடுறாங்க.

போன மாசம் குடியாத்தம் பக்கம் ஒரு பழைய பாத்திரக்கடை. கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவ கவுத்து கொட்டினாரு, காலணா, துருப்பிடிச்ச சாவி, முள்ளு போன வாட்ச்சு, நடுவுல ஒரு மெடல். ஒரு பக்கம் அஞ்சாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல அம்மணமா ஒரு ஆளு, குதிரை காலடியில மண்டையோடு, ரெண்டு ஓரத்துலயும் 1914, 1918. ரிப்பன் இல்ல. "வெள்ளி இல்ல சார், வெறும் செம்பு, 350 குடுத்துட்டு எடுத்துக்குங்க"ன்னாரு. எனக்கு கை நடுங்கிச்சுடா, பேரம் பேசக்கூட மறந்துட்டேன்.

ஏன்னு கேளு. முதல் உலக யுத்தத்துக்கு வெள்ளைக்காரன் குடுத்த இந்த மெடல் வெள்ளியில சுமார் 65 லட்சம் அடிச்சான். வெண்கலத்துல, அதாவது கடைக்காரர் செம்புன்னு சொன்ன இந்த ரகத்துல, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போலதான். துப்பாக்கி பிடிச்சவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கினவன், கோவேறு கழுதை ஓட்டினவன்னு கூலி ஆளுங்க பலருக்கு வெண்கலம். வெள்ளி ஜாஸ்தி இருந்துச்சு, 1980ல வெள்ளி விலை எகிறினப்ப உருக்குனதும் ஜாஸ்தி, நம்ம பக்கம் எத்தனை கொலுசா போச்சோ. இதை உருக்கினா என்ன கிடைக்கும், அதனாலயே டப்பாவுக்குள்ள கிடந்து தப்பிச்சிருக்கு.

இந்த மாதிரி மெடல்ல மதிப்பு முன்பக்கத்துலயும் இல்ல பின்பக்கத்துலயும் இல்ல, விளிம்புல இருக்கு. நம்பர், பதவி, பேரு, படை, நாலும் அங்கதான் அடிச்சிருப்பான். வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். முதல்ல நம்பர். கடைசில எஸ் அண்ட் டி கார்ப்ஸ், அதாவது சப்ளை, டிரான்ஸ்போர்ட். நடுவுல பேருக்கு முன்னாடி, சிப்பாய்க்கு சிப்பாய்னு போடுற எடத்துல, இங்கிலீஷ் எழுத்துல "கூலி"ன்னு இருக்குடா. பதவியே அதுதான். நம்ம வார்த்தை, ராஜா தலையோட விளிம்புல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.

நான் ஏமாந்து வாங்கின யானை பேட்ஜ் மாதிரி இதுவும் போச்சான்னு நீ சிரிக்கிறது தெரியுது. அது 4,500 ரூபா பாடம். அச்சுல வச்சு அடிச்ச பழைய பேட்ஜுன்னா திருப்பினா முன்பக்கத்து உருவம் உள்வாங்கி தெரியும், என் யானைக்கு முதுகு சப்பாத்தி மாதிரி இருந்துச்சு, உருக்கி வார்த்த போலி. இப்ப உஷாரா இருக்கேன். பழைய பேரை ராவிட்டு வேற பேர் அடிக்கிற களவாணிங்களும் உண்டு, ராவினா விட்டம் குறையும். சரியா 36 மில்லி இருக்கணும். என் ஸ்கேல்ல பாத்தா இருக்கு, ஆனா வெர்னியர் அளவுகோல் வச்சு மயிரிழை பாக்குற நீ, ஸ்கேலை நம்பி சொன்னா என்னை மனுஷனா மதிப்பியா?

இதுல வீட்டுல வேற, "கறுத்துப் போயிருக்கே, புளி போட்டு விளக்கித் தரேன்"னு கிளம்பிட்டா. தாண்டிக் குதிச்சு பிடுங்கினேன். நூறு வருஷத்துக் கறுப்பு அது, தேய்ச்சா பாதி விலை காலி, அதுக்கு மேல ஜார்ஜுக்கு மூக்கும் இருக்காது.

வெளிநாட்டுல இருந்து ஒருத்தன் 15,000 தரேன்றான். அனுப்ப முடியாது, நூறு வருஷம் ஆன சாமான் 1972 சட்டத்துல தொல்பொருள் ஆயிடும், நாடு தாண்டக்கூடாது. சட்டம் இல்லன்னா அனுப்பியிருப்பேனா? முதல் ரெண்டு நாள் ஆமான்னுதான்டா நெனச்சேன், உன்கிட்ட என்ன மறைக்க. அப்புறம் அந்தப் பேரு மண்டைக்குள்ளயே சுத்துது. இங்க எழுதல, நேர்ல சொல்றேன். நம்ம பக்கத்துப் பேரு மாதிரிதான் இருக்கு, வெள்ளைக்காரன் காதுல விழுந்தபடி அடிச்சிருக்கான். ஊர் பேரு மட்டும் கிடையாது. பஞ்சாப்காரனுக்காவது லாகூர் மியூசியத்துல கிடந்த, சுமார் 3,20,000 பேரோட விவரம் இருக்குற ரிஜிஸ்டர் 2021ல ஆன்லைனுக்கு வர ஆரம்பிச்சுது. ஏத்தின பதிவுல இருந்தா, தாத்தா பேரைத் தட்டினா கிராமத்தோட வருது.

உங்க ஊர் சாவடி பக்கத்துல ஒரு கல்லு பதிச்சிருக்குமே, நாம ஏறி உக்காந்து புளியங்கா தின்னு குண்டு மாமாகிட்ட உதை வாங்கினோமே, அதேதான். இந்த கிராமத்துலருந்து 1914-1919 பெரிய யுத்தத்துக்கு இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு இருக்கும். அந்தக் கல்லுல எண்ணிக்கை மட்டும்தான், பேரு கிடையாது. என் கையில இருக்கிறதுல பேரு இருக்கு, ஊரு இல்ல. அதான் யோசனையா இருக்கு.

அடுத்த முறை ஊருக்குப் போறப்ப கல்ல போட்டோ எடு, மேலத்தெரு பாட்டி இன்னும் தெம்பா இருந்தா மெசபடோமியா, பஸ்ரான்னு, அதாவது இன்னைய ஈராக் பக்கம், யுத்தத்துக்குப் போனதா யாராவது சொல்லிக் கேட்டிருக்காங்களான்னு கேட்டுப் பாரு. அந்தப் பேருக்காரனோட வம்சத்து ஆள் கிடைச்சா மெடலைக் குடுத்துடுவேன். 350ஐ திருப்பிக் கேக்கமாட்டேன், யானை கணக்குல எழுதிக்கறேன்.

வரும்போது வெர்னியரை எடுத்துட்டு வா, மறந்துட்டு "கண்ணாலயே சொல்லிடுவேன்"னு ஆரம்பிக்காத.

உன்
பழைய இரும்பு