பீருமேட்டு லயத்திலிருந்து நிதியமைச்சருக்கு

மதிப்பிற்குரிய நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மதுரையில் பிறந்தவர், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இடுக்கி மாவட்டம் பீருமேட்டில், பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மழை பிடித்ததும் போய்ப் பார்த்தேன். ராத்திரி பாய் விரிக்கும் முன்னே அம்மா பாத்திரங்களை எடுத்து வைக்கிறார். அடுப்படியில் குண்டான், வாசற்படி ஓரம் பெயின்ட் வாளி, தலைமாட்டில் சோற்றுச்சட்டி. எங்கே எவ்வளவு சொட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கூரைத் தகரத்தின் மேல் நீலத் தார்ப்பாய், அது பறக்காமலிருக்கப் பழைய டயர். 2000-ல் எஸ்டேட்டைப் பூட்டியபோது நான் நாலாம் வகுப்பு. ஆளுக்கொரு துண்டாகத் தேயிலைக் காட்டைப் பிரித்துக்கொண்டு, கொழுந்து கிள்ளி ஏஜென்டிடம் போட்டுத்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். விலை இறங்கினால் ஜீப்பேறி ஏலக்காட்டு வேலைக்குப் போவார்கள். வேலை போனபோது தரவேண்டிய கிராஜுவிட்டி இன்றுவரை கைக்கு வரவில்லை.

இப்படியிருக்கையில் போனில் ஒரு படம் வந்தது. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்கு நம் அரசு கட்டிக்கொடுத்த வீடு. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நம் பிரதமர் அங்குள்ள நோர்வூட்டில் பேசியபோது இன்னும் 10,000 அறிவித்தார். 7 பேர்ச், அதாவது நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், நிலத்தோடு தனித்தனி வீடு. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கக்கூஸ் உள்ளேயாடி?" என்றார்.

அந்த வீடுகளைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களும் எங்களைப் போலக் ஆள்பிடிக்கும் கங்காணி கூட்டிப்போன சனம்தான். ஆனால் அதே கொழுந்து, அதே லயம், நடுவில் கடல் மட்டும். இக்கரையில் இருப்பவர்கள் உங்கள் கணக்கில் ஏன் வரவில்லை? 2021 பட்ஜெட்டில் தேயிலைத் தொழிலாளர் நலனுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தீர்கள். அஸ்ஸாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும். அந்த வருஷம் கேரளத்திலும்தான் தேர்தல் நடந்தது, எங்கள் ஓட்டு எடை குறைவு போல.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025-ல் மாலத்தீவுக்கு 4,850 கோடி கடனுதவி. வோடபோன் ஐடியா கட்ட வேண்டிய அலைக்கற்றை பாக்கி 36,950 கோடியை, அதே வருஷம் அரசின் பங்காக மாற்றிக்கொண்டீர்கள். கம்பெனி கவிழ்ந்தால் தாங்கிப்பிடிக்க அரசு இருக்கிறது. அம்மாவின் கிராஜுவிட்டி பாக்கியை நாங்கள் எதன் பங்காக மாற்றுவது?

சட்டமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1953-ம் வருஷத் தேயிலைச் சட்டப்படி, இப்படிக் கிடக்கும் தோட்டத்தின் நிர்வாகத்தை மத்திய அரசே எடுத்துக்கொள்ளலாம். அதை பீருமேட்டில் செய்யுங்கள். அசலூருக்கு அறிவித்த கணக்கில் பத்தில் ஒரு பங்கு, 1,400 வீடுகளை, இங்கே பட்டாவோடு கட்டுங்கள். மாநில அரசின் பங்கு பற்றித் திருவனந்தபுரத்துக்கு மலையாளத்தில் தனியாக எழுதிக்கொள்கிறேன், அதில் வசவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பதில் போடுவதாக இருந்தால் தமிழிலேயே போடுங்கள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் மகள்