மாமியின் எண்ணெய்ப் போத்தல்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. நம்முடைய கோயில் உபயம் குறையில்லாமல் நடந்தது. உன் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனையும் செய்தேன்.

ஆனால் போன ஞாயிறு நீ ரெலிபோனில் கதைத்தது மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. கிழக்கு வளவு மாமிக்குப் புற்றுநோய் என்றதும், "கோயில் கோயிலாகத் திரிந்து என்ன, உண்மையான பக்தி இருந்தால் முருகன் இப்படி விடுவாரா? எங்களுக்கு ரொறன்ரோவில் வீடே தந்தாரே" என்றாய். தம்பி, அந்தக் கதையை இனி வாயில் எடுக்காதே.

மாமி கும்பிடுவதை நீ பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் கொண்டுவருவார். வைரவர் விளக்கில் ஊற்றிவிட்டு, போத்தல் வாயில் ஒட்டியிருக்கிற கடைசித் துளியையும் விரலால் வழித்துத் திரியில் தடவுவார். பிறகு தூணடியில் ஒதுங்கி நிற்பார். உபயகாரர் என்று கோயில் மரியாதையான காளாஞ்சியை எனக்குத்தான் முதலில் தந்தார்கள். வாங்கக் கை கூசியது.

1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது நீ கைக்குழந்தை. போன இடத்தில் காய்ச்சலில் உன் அப்பா போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த ஒருவர், நேர்த்திக்கடனை முடிக்காமல் வந்ததற்குத் தண்டனை என்று என் காதுபடச் சொன்னார். அப்பாவின் முகம்கூடச் சில நாட்களில் மங்குகிறது, அந்தச் சொல் மங்கவில்லை. அன்றிரவு ஒரு வார்த்தையும் பேசாமல் என் கையைப் பிடித்தபடி விடியும்வரை இருந்தவர் இந்த மாமிதான்.

அதே வருடம் யூலை 9 நவாலியில் சனம் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தது. குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குப் பக்தி காணாது என்று சொல்வாயா?

நாயன்மாரில் ஒருவரான குங்கிலியக் கலயரை எடுத்துப் பார். வீட்டில் நெல் இல்லை. மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை விற்று நெல் வாங்கப் போனவர், சாமிக்குப் புகைக்கிற குங்கிலியம் வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு நீ அந்த வீட்டுப் படலையடியில் நின்றிருந்தால், இவருக்குச் சாமி துணையில்லை என்றுதான் நினைத்திருப்பாய். பிறகு சிவன் செல்வம் கொடுத்தார் என்பாய். சரி, கொடுத்தார். ஆனால் செல்வம் வந்த பிறகா அவர் அடியார் ஆனார்?

முன்வினை என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் வினையை நினைத்து நான் திருந்தலாம். மாமியின் வினைக் கணக்கை உனக்கு யார் காட்டினார்கள்? உன் வீட்டுக்கு முருகனிடம் நன்றி சொல், வேண்டாம் என்று சொல்லவில்லை. பனிக்குள் நீ இரண்டு வேலை செய்ததும், இன்னும் வங்கிக்குக் கட்டுகிறதும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மாமியைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஞாயிறு நீ எடுக்கும் நேரம் மாமியும் இங்கே இருப்பார். போனைக் கொடுப்பேன், ஆறுதலாகக் கதை. நேற்றும் உன்னைத்தான் விசாரித்தார்.

அன்புடன்,
அம்மா