கீதாவுக்கு, அந்தப் பை விஷயமாக

அன்புள்ள கீதா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது அவளே கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறாள். உன் கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, "கீதா கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கு" என்றாள். உன் மகனுக்கு வேலை உறுதியானதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் வருஷம் அவனை அவன் போக்கில் விடு. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறானா என்று கேட்காதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு உன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஹெர்மெஸ் கம்பெனியின் பிர்கின் கைப்பை ஒன்று வாங்கவேண்டும் என்கிறாய். வாங்கு. யாருக்கும் சமாதானம் சொல்லவேண்டியதில்லை. பழைய டிசைனர் பைகளைச் சரிபார்த்து விலை போடுவதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. ஒரு நல்ல பையைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. ஹெர்மெஸ் 1837-ல் பாரிஸில் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத்தான் ஆரம்பித்தது. அந்தத் தையலைத்தான் இன்றைக்கும் பைகளில் போடுகிறார்கள். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று எதிரெதிராகப் போகும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் எதிர்த்திசையில் போன நூல் பிடித்துக்கொள்ளும், தையல் பிரிந்து ஓடாது. தையல்கள் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஒரு பையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே கைவினைஞர் செய்கிறார். அதனால் இந்த ஆசையில் நான் குறை காணவில்லை.

உன் நாத்தனார் மகள் சொல்லிக்கொடுத்த வழிதான் எனக்குச் சரிப்படவில்லை. பிர்கினைக் கேட்டதும் கடையில் கொடுத்துவிடமாட்டார்கள், அதனால் முதலில் அதே கடையில் ஸ்கார்ஃப், செருப்பு, தட்டு, போர்வை என்று வாங்கிக் குவிப்பது. அங்கே விற்பனை செய்கிற ஊழியரிடம் நல்ல வாடிக்கையாளர் என்று பேர் வாங்குவது. பிறகு வாங்கியதையெல்லாம் பெட்டி பிரிக்காமல் மறுவிற்பனைக்கு விட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. கடைசியில் பையை வாங்குவது. இதைத்தானே அவள் சொன்னாள்? இந்த வழியில் போனவர்களின் பெட்டிகள்தான் எங்கள் மேஜைக்கு வருகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இவ்வளவு செலவழித்தால் இந்தப் பை கிடைக்கும் என்று எழுதிவைத்த விதி எங்கும் கிடையாது. ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்று என்ற நிபந்தனையே இல்லை என்றுதான் நிறுவனம் சொல்லிவருகிறது. வாங்குகிறவர்கள் தங்களுக்குள் ஒரு கணக்குப் பேசிக்கொள்கிறார்கள். பை விலைக்குச் சமமாக மற்ற பொருள் வாங்கவேண்டும் என்பார் ஒருவர், ஒன்றரை மடங்கு என்பார் இன்னொருவர், இரண்டு மடங்கு என்பார் வேறொருவர். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். இதை எதிர்த்து 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இருவர் சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். கடை ஊழியர்களுக்கு பிர்கின் அல்லது அதைப்போன்ற கெல்லி என்ற பையை விற்றால் கமிஷன் இல்லை, மற்ற பொருள்களை விற்றால்தான் கமிஷன், அதனால்தான் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர்கள் மனுவில் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ 2025 செப்டம்பரில் வழக்கை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்துவிட்டார். போட்டிச் சட்டப்படி அவர்களால் எதையும் நிறுவ முடியவில்லை. உனக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். செலவழித்தும் பை கிடைக்கவில்லை என்றால் கையில் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்க ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். 2024-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியதை வைத்துக்கொள்கிறேன். சாதாரணக் கறுப்பு பிர்கின் 25 (25 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன அளவு), அமெரிக்கக் கடையில் வரி நீங்கலாக 11,400 டாலர். வாங்கின கையோடு மறுவிற்பனைக்காரரிடம் கொடுத்தால் 23,000. அவர் அதை 32,000-க்கு விற்பார். விலைகள் அதற்குப் பிறகு ஏறியிருக்கின்றன, ஆனால் கணக்கின் போக்கு புரிய இது போதும். நீ பை விலைக்குச் சமமாக, 11,400 டாலருக்கு மற்ற பொருள்களை வாங்கி, அதில் பாதி திரும்ப வந்தது என்று வை. 5,700 நஷ்டம். பை உனக்கு 17,100-க்கு வந்து நிற்கும். இரண்டு மடங்கு கேட்கிற கடையாக இருந்தால் நஷ்டம் 11,400, பையின் அடக்க விலை 22,800. அதற்குமேல் எல்லாவற்றுக்கும் கட்டிய விற்பனை வரி, அது திரும்ப வராது. மறுவிற்பனைத் தளத்தின் கமிஷனையும் தபால், இன்ஷூரன்ஸ் செலவையும் கழித்துத்தான் அந்தப் பாதி உன் கைக்கு வருமா என்று பார்க்கவேண்டும்.

"32,000 கொடுப்பதைவிட மலிவுதானே" என்று நீ கேட்பாய். பை கைக்கு வந்தால் மலிவுதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இத்தனை பேர் இதில் இறங்குகிறார்கள். ஆனால் நஷ்டம் முதல் நாளிலேயே நிச்சயமாகிவிடுகிறது, பை மட்டும் கடைசிவரை நிச்சயமில்லை. கிடைத்தாலும் நீ கேட்ட அளவு, நீ கேட்ட நிறம் கிடைக்கும் என்றில்லை. நீ கறுப்புக்காகக் காத்திருக்க, அவர்கள் வெளிர் மஞ்சளில் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கலாம். வேண்டாம் என்றால் அடுத்தது எப்போது என்று தெரியாது. வேண்டும் என்றால் நீ ஆசைப்படாத ஒன்றுக்கு இவ்வளவும் கொடுத்ததாகிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கடைக்காரர் மதிக்கிற பொருளும் சந்தை மதிக்கிற பொருளும் வேறு வேறு. மறுவிற்பனையில் சுலபமாகப் போவது சின்னத் தோல் பொருள்கள், பெல்ட், க்ளிக் எச் வளையல், சாதாரண நிறத்தில் ஒரான் செருப்பு. இவற்றை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்குவார்கள், அதனால் இவற்றை வாங்குவதால் கடையில் உனக்குப் பெரிய மதிப்பு வராது என்றுதான் வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். மதிப்பு வருவது உடை, பீங்கான், மேஜை நாற்காலி, நகை என்று கடை விற்க ஆசைப்படுகிற பகுதிகளில். எங்கள் மேஜையில் அவைதான் சரிந்து விழுகின்றன. ஒரு கோட்டு இன்னொருத்தி தோளுக்குச் சரியாக இருக்கவேண்டும். ஆறு தட்டுகள் கொண்ட செட்டில் ஒன்றில் கீறல் இருந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். உன் பேரை உயர்த்துகிற பொருளில்தான் உன் பணம் கரைகிறது. பாதி திரும்ப வரும் என்று நான் மேலே போட்ட கணக்கே தாராளமான கணக்கு.

ஸ்கார்ஃபையே எடுத்துக்கொள். 90 சென்டிமீட்டர் சதுரப் பட்டு, 1937-லிருந்து போடுகிறார்கள். என்னிடம் வந்தால் முதலில் படத்தைப் பார்க்கமாட்டேன், ஓரத்தைப் பார்ப்பேன். ஓரத்தைக் கையால் உருட்டி, முன்பக்கமாகத் திருப்பித் தைத்திருப்பார்கள். விரலால் தடவினால் குண்டாக, மெத்தென்று இருக்கும். இஸ்திரி போட்டு அந்த உருட்டலை நசுக்கிவிட்டால் அழகும் போச்சு, விலையும் போச்சு. புத்தம் புதிதாக, பெட்டியோடு ரிப்பனோடு வந்தாலும் அதே படத்தில் இன்னும் பல ஸ்கார்ஃப்கள் விற்பனையில் கிடக்கும். எல்லாம் உன்னைப்போல் பை வாங்க வழிதேடியவர்கள் விட்டது. ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே பொருளை விற்க வந்தால் விலை எங்கே நிற்கும்?

ரசீது இன்னொரு தலைவலி. ரசீதோடு கொடுத்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை, கூட விலை கிடைக்கும். ஆனால் அதில் உன் பெயர் இருக்கிறது. நீ வாங்கியதெல்லாம் அடுத்த வாரமே சந்தைக்கு வருகிறது என்று கடையில் தெரிந்துவிட்டால் நீ சம்பாதித்த பேர் அதோடு முடிந்தது. ரசீதை மறைத்தால் விலை குறையும், அசல்தானா என்று சந்தேகமும் வரும். வாங்கிய பொருளை விற்பது சட்டப்படி குற்றமில்லை, நம் பொருள் நம் இஷ்டம். ஆனால் யாருக்குப் பை கொடுப்பது என்பது கடையின் இஷ்டம். திரும்பத் திரும்ப வாங்கி விற்றால் வருமான வரிக்காரர் அதை வியாபாரமாகப் பார்க்கலாம், அதையும் நினைவில் வை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்த பிராண்டுக்காக என்பது வேண்டாம். கார் டிக்கி நிறையப் பெட்டிகளோடு வந்தார். செருப்புகள் மூன்று வெவ்வேறு அளவு. ஏன் என்று கேட்டேன். கடையில் அன்றைக்கு அந்த அளவுதான் இருந்தது, எப்படியும் விற்கத்தானே போகிறோம் என்று எடுத்துக்கொண்டாராம். எல்லாம் கிரெடிட் கார்டில் வாங்கியது. நான் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கார்டு வட்டிக்கு இது போதுமா என்று ஃபோனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். போதவில்லை. பை இன்னும் வரவில்லை, அடுத்த மாசம் வரும் என்று கடைப் பெண் ஜாடையாகச் சொன்னாளாம். இன்னும் கொஞ்சம் வாங்கினால் வந்துவிடும் என்று எனக்கே ஆறுதல்போலச் சொல்லிவிட்டுப் போனார். இதில் மாட்டினால் நிறுத்துவது கஷ்டம் கீதா. இதுவரை போட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்ற பயமே அடுத்த பெட்டியை வாங்கவைக்கிறது. அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பைக்குப் பெயர் தந்த நடிகை ஜேன் பிர்கின் தன் பையை எப்படி வைத்திருந்தார் தெரியுமா? விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த, அப்போது ஹெர்மெஸின் தலைவராக இருந்த ழான் லூயி துமாவிடம், கைக்குழந்தையோடு அலைகிற தாய்க்கு ஏற்ற பையே கிடைப்பதில்லை என்று அவர் சொன்னதிலிருந்துதான் அந்தப் பை பிறந்தது, 1984-ல். அவர் அதில் ஸ்டிக்கர் ஒட்டினார், நகவெட்டியைத் தொங்கவிட்டார், கொள்ளாத அளவுக்குக் காகிதங்களைத் திணித்துக்கொண்டு போனார். அந்த முதல் பை 2025 ஜூலையில் பாரிஸில் சதபீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 86 லட்சம் யூரோவுக்குப் போனது. கீறலும் தேய்மானமும் அப்படியே இருந்தன. உனக்கும் பை வேண்டியது ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகத்தானே? லேப்டாப், டிபன், குடை எல்லாம் வைக்கத்தானே?

அப்படியானால் என் யோசனை இது. அளவு 25-ஐ விடு. கிராக்கி முழுக்க அந்தச் சின்ன அளவில்தான் இருக்கிறது. உன் லேப்டாப் அதில் நுழையாது. 35-ஐப் பார். மறுவிற்பனையில் பெரிய அளவுகளுக்கு அவ்வளவு போட்டியில்லை. கடை விலையைச் சுற்றியோ, நன்றாகப் பயன்படுத்திய பை என்றால் அதற்குக் கீழேயோகூட அமையும். கனம் கொஞ்சம் கூடுதல், வாங்குவதற்கு முன் உன் சாமான்களை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்த்துவிடு. தோல் டோகோ என்கிற கன்றுத்தோலாக இருக்கட்டும். மணிமணியாக இருக்கும், சின்னக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. மூலைகளின் தேய்மானத்தையும் கைப்பிடி கறுத்திருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதுசுதான் வேண்டும் என்று மனசு கேட்டால், பாரிஸ் போகும்போது முயற்சி செய். அங்கே தோல் பைகளுக்கு முதல் நாளே ஆன்லைனில் பெயர் கொடுக்கவேண்டும். குலுக்கல்போல, வந்தால் அப்பாயின்ட்மென்ட். பழைய கொள்முதல் கணக்கு இல்லாதவர்களுக்கும் சில சமயம் அமைகிறது. கிடைக்காவிட்டால் ஊர் சுற்றிவிட்டு வா, கைக்காசு ஒன்றும் போகாது. உள்ளூர்க் கடையிலும் உனக்கு நிஜமாகவே பிடித்த ஒரு ஸ்கார்ஃபை வாங்கிக் கட்டிக்கொள், கடைப் பெண்ணிடம் பேசிப் பழகு, பிர்கின் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல். விற்கிற எண்ணத்தோடு ஒரு பொருளையும் வாங்காதே, அவ்வளவுதான்.

இதுவரை ஏதாவது வாங்கிவிட்டாயா என்று நீ எழுதவில்லை. வாங்கியிருந்தால் என்னென்ன, எந்த அளவு, எந்த நிறம் என்று எழுதி அனுப்பு. கடையிலேயே மாற்றிக்கொள்ளக்கூடியது, நீயே வைத்துக்கொள்ளலாமென்பது, விற்கவேண்டியது என்று பிரித்துச் சொல்கிறேன். பெட்டி, ரிப்பன் எதையும் தூக்கிப் போடாதே. 35-ல் நல்ல கறுப்பு எங்களிடம் வந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ எவ்வளவுவரை போவாய் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அண்ணாவைக் கேட்டதாகச் சொல்லு. அம்மாவுக்குத் தனியாக ரெண்டு வரி எழுது, இப்போது அவளே படிப்பாள்.

அன்புடன்,
சுமதி