வீணாய்ப் போன முதல் சுற்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கால்பந்து பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத ஆள் இல்லையே என்ற குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஆனால், கிரீன் பே பாக்கர்ஸ் அணி 2020 டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஜோர்டன் லவ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) முதல் சுற்றிலேயே எடுத்ததை ‘வீணாய்ப் போன முதல் சுற்று’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். 15 வருடமாக மில்வாக்கியில் இருந்துகொண்டு இந்த அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்துவருபவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

அன்றைக்கு இங்கே எல்லோருக்கும் கோபம் வந்தது உண்மை. எனக்கும் வந்தது. முந்தைய சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு இன்னும் ஒரு ஆட்டம்தான் பாக்கி என்ற இடத்தில் தோற்றிருந்தோம். எங்கள் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸுக்கு வயது 36. அவர் வீசுவதைப் பிடிக்க நல்ல ரிசீவர் ஒருவரை எடுப்பார்கள் என்று ஊரே காத்திருந்தது. நிர்வாகமோ நான்காவது சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து 30ஆம் இடத்திலிருந்து 26ஆம் இடத்துக்கு ஏறி, லவ்வை எடுத்தது. யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் 20 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) வீசியவர், கூடவே 17 இன்டர்செப்ஷனும் (எதிரணி கைக்குப் போன வீச்சு) கொடுத்தவர். அந்த டிராஃப்ட் முழுக்க ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. அடுத்த ஜனவரியில் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டில் டாம்பா பேயிடம் 31-26 என்று தோற்றபோது, அந்த 26ஆம் இடம்தான் எல்லோர் வாயிலும் அடிபட்டது.

அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். அந்த 2020 சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி பாக்கர்ஸ்தான், மொத்தம் 509. அந்த வருடமும் அடுத்த வருடமும் லீக்கின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது ராஜர்ஸுக்கே. ரிசீவர் இல்லாததால்தான் கெட்டது என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

சரி, லவ் என்ன செய்தார்? முதல் வருடம் கொரோனாவால் முன்சீசன் ஆட்டங்களே நடக்கவில்லை. சீசனில் அவர் மூன்றாவது குவார்ட்டர்பேக். ஒரு ஆட்டத்துக்குக்கூடச் சீருடை போட்டு நிற்கவில்லை. 2021 நவம்பரில் ராஜர்ஸ் கொரோனாவில் படுத்ததால் கேன்சஸ் சிட்டியில் முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார். எதிரணி ஆள்மேல் ஆளாக அனுப்பி அவரை நெருக்கியது. 13-7 தோல்வி. ‘பார்த்தாயா, நான்தான் சொன்னேனே’ என்று நண்பர்கள் அன்று இரவே செய்தி அனுப்பினார்கள். என்னிடம் பதில் இல்லை. 2022இல் ராஜர்ஸைச் செதுக்கிய அதே டாம் கிளமென்ட்ஸ் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அதன்பிறகு வந்த லவ்வின் கால் அசைவிலேயே பழைய பதற்றம் இல்லை.

2023 செப்டம்பர் 24. சொந்த மைதானத்தில் அவர் தொடங்கிய முதல் ஆட்டம். நானும் மகனும் அங்கே இருந்தோம். நியூ ஆர்லியன்ஸ் 17, நாங்கள் பூஜ்யம். நான்கு கால்பகுதியில் மூன்று முடிந்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் போர்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். படி ஏறுமுன் பந்தை உதைத்து எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல். நின்றார். அப்புறம் லவ் தானே ஓடி ஒரு டச்டவுன், கடைசியில் ரோமியோ டப்ஸுக்கு வீசி இன்னொன்று. 18-17. பெரியவர் அந்தப் படியிலேயே நின்று முழுவதையும் பார்த்தார். போர்வை கீழே விழுந்து கிடந்தது.

அதற்குப் பிறகும் பாதை நேராக இல்லை. சீசனின் முதல் ஒன்பது ஆட்டத்தில் மொத்தம் மூன்றே வெற்றி. கடைசி எட்டு ஆட்டத்தில்தான் 18 டச்டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன் என்று மனிதர் வேறு ஆளாக மாறினார். சீசன் முடிவில் வீச்சில் மட்டும் 4,159 யார்டு, 32 டச்டவுன். அதுவரை பக்கத்து மாநிலத்துச் சிகாகோ அணியின் வரலாற்றில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஒரு சீசனில் 4,000 யார்டைத் தொட்டதில்லை! டல்லாஸில் போய் 48-32 என்று ஜெயித்தோம். ஏழாம் தரவரிசையில் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்கு வந்து இரண்டாம் தரவரிசை அணியைத் தோற்கடித்த முதல் அணி அதுதான். அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவிடம் அவருடைய கடைசி வீச்சு எதிரணி கைக்குப் போய்த் தோற்றோம். அதையும் மறைக்கவில்லை.

இந்தத் தேர்வில் உண்மையான நஷ்டம் ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. புது வீரரின் முதல் ஒப்பந்தம் மலிவானது. அந்த வருடங்களில் குவார்ட்டர்பேக் ஆடினால் மிச்சமாகும் பணத்தில் மற்ற வீரர்களை வாங்கலாம். லவ்வின் மலிவான வருடங்களில் மூன்று பெஞ்சிலேயே கழிந்தன. 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு. அதே 2020இல் பிலடெல்பியா 53ஆம் இடத்தில் எடுத்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், முதல் சீசன் முடிவதற்குள்ளேயே ஆடத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலும் வென்றுவிட்டார். அவருக்கும் அன்று திட்டுதான் விழுந்தது. ஏற்கெனவே குவார்ட்டர்பேக்காகக் கார்சன் வென்ட்ஸ் இருக்கும்போது இவர் எதற்கு என்றார்கள். இன்னொரு பக்கம், 2016இல் நியூயார்க் ஜெட்ஸ் 51ஆம் இடத்தில் எடுத்த குவார்ட்டர்பேக் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க், முறையான சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. வீண் என்ற சொல்லை அங்கே வைக்கலாம்.

கிரீன் பேக்கு இது புதிதும் அல்ல. 2005இல் 24ஆம் இடத்தில் வந்த ராஜர்ஸே அப்போதைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்தவர்தான். பசி எடுக்கும்போது விதைநெல்லைத் தொடாமல் வைத்திருக்கிற வீடு அது. 2023 ஏப்ரலில் ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனபோது, அடுத்த குவார்ட்டர்பேக் யார் என்று பாக்கர்ஸ் எங்கேயும் தேடிப் போகவில்லை.

ஆசிரியர் அவர்களே, அதே கட்டுரையாளரிடம் 2020 டிராஃப்ட்டை மறுபடி எடுத்து, லவ்வையும் ஹர்ட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கோடு சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மில்வாக்கி, விஸ்கான்சின்