நல்லாயன் பேராலயமும் எங்கள் ஊர் சுண்ணாம்புச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பாலக்கோட்டுக் கொத்தனார். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த காலத்தில், ஞாயிறுதோறும் நல்லாயன் பேராலயத்துக்குப் பூசைக்குப் போவேன். முதல் நாள் பூசை முடிந்தும் வெளியே வர மனமில்லை. பூவேலை எதுவும் இல்லாத உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, சிலுவை வடிவத் தரைத்திட்டம், உச்சியில் கூர்கோபுரம். கிரேக்க, ரோமானியக் கோயில்களின் அளவுக்கணக்கைப் பின்பற்றிய கட்டு அது. அலங்காரத்தால் அல்ல, அளவால் அழகு. தூண் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அந்த அருமை புரியும்.

1843இல் அடிக்கல் நாட்டி 1847இல் திறந்தார்கள். வரைந்தவர் மெக்ஸ்வினி, முன்னின்று கட்டியவர் பாரிஸ் மறைபோதக சபையின் பெரேல் அடிகளார். அதே சபைக் குருக்கள்தான் எங்கள் சேலம் மறைமாவட்டத்திலும் உழைத்தார்கள். (1997இல்தான் தருமபுரி தனி மறைமாவட்டமானது.) 'நல்லாயன்' (மந்தைக்காக உயிரையே கொடுக்கும் நல்ல மேய்ப்பன்) என்ற பெயர், 1839இல் கொரியாவில் உயிர்நீத்த இம்பெர் ஆயரின் நினைவாக வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பேராலயம் அவசர மருத்துவமனையாக இருந்தது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக்கி, பின்னர் பழமை குலையாமல் புதுப்பித்திருக்கிறார்கள்.

இங்கே எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பழைய கிறிஸ்தவக் கோயிலில், போன வருடம் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். வயிறு எரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பூட்டி வைக்கும். பங்கு மக்களே, இடிக்கும் முன் ஒரு பழைய கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூலி வேண்டாம், நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற கொத்தனார்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்