அமெரிக்காவில் தொழில் நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு: இன்சூரன்ஸ் விஷயத்தை உங்கள் ஆட்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்

வணக்கம்.

ரெஸ்டாரன்ட், மளிகைக் கடை, கேஸ் ஸ்டேஷன், மோட்டல், ஐ.டி. கன்சல்டிங் என்று இந்த நாட்டில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு உழைத்து வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் வரிக் கணக்கு தாக்கல் செய்துகொடுக்கிற வேலையில் இருக்கிறேன், வரி சீசனில் என் எதிரே வந்து உட்காருகிறவர்களில் பலர் உங்களிடம் வேலை பார்க்கிறவர்கள். "வேலை செய்யற இடத்தில் ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டா?" என்று கேட்டால் "தெரியலையே, கேட்டதில்லை" என்கிறார்கள். கேட்டுப் பார்த்தவர்கள் சொல்வது வேறு: "நாம சின்ன கம்பெனி, நமக்கு அதெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டாங்க." இந்த இரண்டு பதிலும் 2026-ல் உங்கள் ஆட்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு வைக்கக்கூடியவை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் "சின்ன கம்பெனி" கதைக்கு வருவோம். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம், நாமெல்லாம் ஒபாமா கேர் என்று சொல்கிறோமே அது, 50 முழுநேர ஊழியர்கள் இருக்கிற நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் என்கிறது. வாரம் சராசரியாக 30 மணி நேரம், அல்லது மாதம் 130 மணி நேரம் வேலை செய்தால் முழுநேரம். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பகுதிநேர ஆட்களும் இந்த எண்ணிக்கையில் வருவார்கள். அவர்கள் எல்லோருடைய மாத மணிநேரத்தையும் கூட்டி 120-ஆல் வகுத்தால் வருகிற எண்ணை முழுநேர ஆட்களோடு சேர்க்க வேண்டும். 30 பேர் முழுநேரம், 40 பேர் மாதம் 60 மணி நேரம் என்றால், 2,400-ஐ 120-ஆல் வகுத்து 20, ஆக மொத்தம் 50. முந்தின வருடத்தின் மாதச் சராசரி இப்படி 50-ஐத் தொட்டுவிட்டால் நீங்கள் பெரிய நிறுவனம், கடை எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் சரி. வாரம் 29 மணி நேரமாக எல்லோருக்கும் குறைத்து வைத்திருக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். மணி நேரத்தைக் குறைத்தால் அந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய கடமை வேண்டுமானால் போகலாம், ஆனால் 50 என்ற கணக்கிலிருந்து அந்த மணி நேரங்கள் மறைந்துவிடாது.

இன்னொன்று. மூன்று கடை, மூன்று எல்.எல்.சி. (தனித்தனியாகப் பதிந்த கம்பெனிகள்), ஒவ்வொன்றிலும் 20 பேர், அதனால் நமக்குச் சட்டம் பொருந்தாது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்க்கிறேன். உரிமையாளர் ஒருவரேயானால் மூன்றையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். மனைவி பேரில் இருக்கிற பங்கும் பல சமயம் உங்கள் பங்காகவே கருதப்படும். உங்கள் கணக்காளரிடம் (சி.பி.ஏ.) இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

50-ஐத் தொட்டவர் முழுநேர ஆட்களில் குறைந்தது 95 சதவீதம் பேருக்கும், அவர்களுடைய 26 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் இன்சூரன்ஸ் தர முன்வர வேண்டும். கணவன் அல்லது மனைவிக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சேர்ந்த ஆளை 90 நாளுக்கு மேல் காக்க வைக்கவும் கூடாது. தரவே இல்லை, உங்கள் முழுநேர ஆட்களில் ஒரே ஒருவர் மார்க்கெட்பிளேஸில், அதாவது ஒபாமா கேர் சட்டப்படி தனி ஆட்கள் இன்சூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தையில், பிரீமியத்துக்கு அரசு தரும் மானியத்தோடு பாலிசி எடுத்துவிட்டார் என்றால், 2026-ல் அபராதம் முதல் 30 பேரைக் கழித்துவிட்டு மீதி ஒவ்வொரு முழுநேர ஊழியருக்கும் வருடத்துக்கு 3,340 டாலர். 60 முழுநேர ஆட்கள் இருந்தால் 1,00,200 டாலர். கொடுத்தீர்கள், ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை அல்லது பிளான் ஒன்றுக்கும் உதவாது என்றால் மானியம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் 5,010 டாலர். கட்டுப்படியாகும் விலைக்கும் இந்த வருடம் ஒரு எண் இருக்கிறது, 9.96 சதவீதம். மாதம் 3,000 டாலர் சம்பளம் வாங்குகிறவரிடம், அவர் ஒருவருக்கு மட்டுமான மலிவான பிளானுக்கு 298 டாலர் 80 சென்ட்டுக்கு மேல் பிடித்தால் நீங்கள் கோட்டைத் தாண்டுகிறீர்கள்.

அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த இந்த மடல் இல்லை. உங்களில் பெரும்பாலோர் 50-க்குக் கீழேதான் இருப்பீர்கள், இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லைதான். லாபம் எவ்வளவு மெல்லியது என்பது எனக்குத் தெரியும், உங்களில் சிலருடைய கணக்கையும் நானே எழுதுகிறேன். ஆனால் ஒரு கடமை பத்து பேரை வைத்திருக்கிறவருக்கும் அநேகமாக உண்டு, அதை நம்மவர்கள் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் 14 நாட்களுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்று ஒன்று இருக்கிறது, அங்கே மானியம் கிடைக்கலாம், கம்பெனி பிளான் இருந்தால் அந்த மானியம் பாதிக்கப்படலாம் என்று சொல்லும் நோட்டீஸை அவர் கையில் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் கொடுப்பவர் கொடுக்க வேண்டிய மாதிரி நோட்டீஸ் ஒன்று, கொடுக்காதவருக்கு ஒன்று என்று தொழிலாளர் துறையே தயாராக வைத்திருக்கிறது. அச்செடுத்து நிரப்பினால் போதும். கொடுக்கவில்லை என்றால் அதற்கென்று அபராதம் எதுவும் கிடையாது. அபராதம் இல்லாததால்தான் யாரும் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

சரி, ஒரு காகிதம் கொடுக்காததால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். இந்த வருடம் நிஜமாகவே முழுகும். 2021-ல் கூட்டிக் கொடுத்த மானியம் 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. வறுமைக் கோட்டு அளவின் நான்கு மடங்குக்கு மேல் ஒரு டாலர் போனாலும் இப்போது மானியம் சுத்தமாகக் கிடையாது. 2026-க்கு நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த வரம்பு 1,28,600 டாலர், தனி ஆளுக்கு 62,600. இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்திருக்கிறது. முன்பெல்லாம் மானியம் அதிகமாக வாங்கிவிட்டால், நடுத்தர வருமானக்காரர் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரிக் கணக்கிலிருந்து அது இல்லை. தகுதியில்லாமல் வாங்கியது முழுவதையும் கட்ட வேண்டும்.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்றால், உங்கள் ஊழியர் மார்க்கெட்பிளேஸ் படிவத்தில் "வேலையிடத்தில் இன்சூரன்ஸ் தர முன்வந்தார்களா, ஒரு ஆளுக்கு மலிவான பிளான் எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அது உங்களுக்குத்தான் தெரியும். "கேட்டதில்லை" என்கிறவர் "இல்லை" என்று நிரப்புகிறார். நீங்களோ ஒரு பிளானை வைத்திருக்கிறீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் ஒருநாள் சொன்னதோடு சரி. அவர் வருடம் முழுக்க மானியத்தில் ஓட்டிவிட்டு, அடுத்த ஏப்ரலில் என் முன்னால் உட்கார்ந்து, ஏழாயிரமோ எட்டாயிரமோ கட்ட வேண்டும் என்று நான் சொல்லும்போது பேச்சில்லாமல் பார்ப்பார். அந்த முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை, நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

குடும்ப பிரீமியம் எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2023-லிருந்து மனைவி, பிள்ளைகளுக்கான மானியத் தகுதியைத் தனியாகப் பார்க்கிறார்கள். ஊழியருக்கு மட்டும் எடுத்தால் விலை கட்டுப்படியாகும், குடும்பத்தோடு எடுத்தால் வீட்டு வருமானத்தில் 9.96 சதவீதத்தைத் தாண்டும் என்றால், அவர் உங்கள் பிளானிலும் குடும்பம் மார்க்கெட்பிளேஸ் பிளானில் மானியத்தோடும் இருக்கலாம். இது தெரியாமல் மாதாமாதம் சம்பளத்தில் பெரும்பகுதியைக் குடும்ப பிரீமியத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். அவருடைய எச்.ஆர். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

டிசம்பர் போனஸும் அப்படித்தான். நல்ல மனசோடுதான் கொடுக்கிறீர்கள், ஆனால் வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் குடும்பத்தை அந்த மூவாயிரம் டாலர் மேலே தள்ளி, வருடம் முழுக்க வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்ட வைத்துவிடும். போனஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்டோபரிலேயே சொல்லிவிடுங்கள், அவர் 401-கே என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்டு, கணக்கில் வரும் வருமானத்தைக் குறைத்துச் சமாளித்துக்கொள்வார்.

அடுத்தது, ஏஜென்ட்கள் உங்களிடம் விற்கிற மலிவு பிளான்கள். தடுப்பூசி, வருடாந்தர செக்-அப் போன்றவற்றை மட்டும் கவர் செய்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஒன்றும் தராத பிளான்கள் இருக்கின்றன. "சட்டத்துக்கு இது போதும்" என்று சொல்லி விற்பார்கள். அதை வாங்கி வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் ஆள் அதில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டால், அந்த மாதங்களுக்கு அவருக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடையாது. சேராமல் இருந்தால் கிடைக்க வாய்ப்புண்டு. மாதம் நாற்பது டாலர் பிளான் என்று எல்லோரையும் தானாகவே சேர்த்துவிடுகிறவர்கள், அந்த நாற்பது டாலரால் அவர் நிஜமான இன்சூரன்ஸை இழக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். என்னைக் கேட்டால், இப்படி ஒரு பிளானைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது அந்த ஊழியருக்கு நல்லது.

கையில் காசு கொடுத்து "நீயே ஒன்று வாங்கிக்கோ" என்கிறவர்களும் கவனியுங்கள். சம்பளத்தை உயர்த்தி வரி பிடித்துக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. பிரீமியம் ரசீதைக் காட்டினால் பணம் தருகிறேன் என்று முறையான திட்டம் இல்லாமல் செய்தால், ஓர் ஊழியருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் வரை அபராத வரி வரும். 50-க்குக் கீழே இருக்கிறவர்களுக்கென்றே முறைப்படி ரீஇம்பர்ஸ் செய்ய 2016-லேயே ஒரு வழி வந்தது, 2020-லிருந்து எந்த அளவு நிறுவனத்துக்கும் இன்னொரு வழி இருக்கிறது. 25 பேருக்கும் குறைவாக வைத்து, சராசரி சம்பளமும் ஒரு வரம்புக்குள் இருந்து, பிரீமியத்தில் பாதியாவது நீங்கள் கட்டினால், சிறு நிறுவனங்களுக்கான மார்க்கெட்பிளேஸ் வழியாக எடுக்கும்போது நீங்கள் கட்டியதில் 50 சதவீதம் வரை இரண்டு வருடத்துக்கு வரிச் சலுகையாகத் திரும்பி வரலாம். "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைக் கணக்குப் போட்டீர்களா?

கன்சல்டிங் கம்பெனி நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களுடைய குடும்பம்), எஃப்-1 (மாணவர்) விசாக்களில் இருப்பவர்கள் இதுவரை மார்க்கெட்பிளேஸ் மானியம் வாங்க முடிந்தது. 2025-ல் வந்த சட்டப்படி 2027-லிருந்து முடியாது. முழு விலை கொடுத்து வாங்கலாம், அவ்வளவுதான். பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருக்கும் ஆளுக்கு இன்சூரன்ஸை நிறுத்தி, "மார்க்கெட்பிளேஸில் பார்த்துக்கோ" என்று இதுவரை சமாளித்தவர்கள் இனி அப்படிச் சொல்ல முடியாது. உண்மையில் எப்போதுமே முடியாது. எச்-1பி ஆளை பெஞ்ச்சில் வைத்தாலும் சம்பளம் கொடுக்க வேண்டும், மற்ற ஊழியர்களுக்குத் தருகிற சலுகைகளை அதே அடிப்படையில் அவருக்கும் தர வேண்டும். பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனைவியோடு ஒருவர் பெஞ்ச்சில் இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள், சட்டத்தை நான் ஏன் இழுக்கிறேன் என்று புரியும்.

மளிகைக் கடையில் பகுதிநேரம் நிற்கும் பெரியவர்களையும் மறந்துவிடாதீர்கள். கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆகாதவர்களுக்குப் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ், பெரும்பாலும் கிடைக்காது. முன்பு வருமானம் மிகக் குறைவாக இருந்தாலும் அவர்களுக்கு மானியம் கிடைத்தது, 2026 தொடங்கியதிலிருந்து வறுமைக் கோட்டுக்குக் கீழே போனால் கிடைக்காது. கணவன் மனைவி இருவர் என்றால் இந்த வருடத்துக்கு அந்தக் கோடு 21,150 டாலர். ஷிப்ட் போடும்போது நீங்கள் வெட்டுகிற சில மணி நேரம், அவர்களுடைய சர்க்கரை மாத்திரைக்கும் இதய மருத்துவருக்கும் இடையில் வந்து நிற்கலாம். குறைத்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாத தனி ஆளுக்கு இருந்த அபராதம் மத்திய அளவில் 2019-லிருந்து பூஜ்யம். ஆனால் கலிஃபோர்னியா, நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் மாநில அபராதம் உண்டு, அங்கே கடை வைத்திருக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் ஆள் ஒருவர் மானியம் வாங்குகிறார் என்று மார்க்கெட்பிளேஸிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரலாம். அதைப் பார்த்து "என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்" என்று கோபப்பட வேண்டாம். நீங்கள் 50-க்குக் கீழே என்றால் அந்தக் கடிதத்தால் உங்களுக்கு ஒரு சென்ட் செலவில்லை. மானியம் வாங்கியதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதோ, ஷிப்டைக் குறைப்பதோ சட்டவிரோதம்.

நவம்பர் 1 அன்று மார்க்கெட்பிளேஸில் அடுத்த வருடத்துக்கான பதிவு தொடங்கும். அதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது: இன்சூரன்ஸ் கொடுக்கிறோமா இல்லையா, கொடுத்தால் ஒருவருக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு, எப்போதிலிருந்து, சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது. கொடுக்கவில்லை என்றால் "கொடுக்கவில்லை" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ஊழியர் தன் மார்க்கெட்பிளேஸ் விண்ணப்பத்துக்காக வேலையிட விவரம் கேட்கும் படிவத்தைக் கொண்டு வந்தால், கல்லாப் பெட்டிக்கு அடியில் செருகி வைக்காமல் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் சிலருக்கும் உங்கள் ஊழியர்களில் பலருக்கும் வரிக் கணக்கு எழுதும் ஒருவன்