கருத்துக் கேட்டா மறுமொழியும் சொல்லுங்கோ

எங்கட உள்ளூராட்சி சபை உறுப்பினர்மாருக்கு வணக்கம்.

போன மாரிக்கு முன்னம் எங்கட ஒழுங்கையில வெள்ள வாய்க்காலை எந்தப் பக்கத்தால வெட்டுறது எண்டு வாட்சப் குரூப் திறந்து கேட்டனியள். எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா அதுக்கு முன்னம் ஆரும் எங்களைக் கேட்டதே இல்லை. ஆனா மூண்டாம் நாள் தொடங்கி நாலைஞ்சு பேர் விடியவிடிய சண்டை, அதில ரெண்டு பேர் கனடாவில இருந்து பழைய எல்லை வழக்கைக் கிளறினவை (அவைக்கும் இஞ்ச காணி இருக்கு, கதைக்க உரிமை இருக்கு, ஆனா வெள்ளம் ஏறுறது எங்கட குசினிக்குள்ள), பொம்பிளையள் ஒராளுக்குப் பின்னால ஒராளா விலகிட்டினம், நானும் விலகினனான், கடைசியில அட்மின் மட்டும் எழுதலாம் எண்டு பூட்டிப்போட்டு சனத்தின்ர கருத்து எடுத்தாச்சு எண்டு சொல்லிட்டியள்.

தாய்வான்ல 2015இல ஊபர் டாக்சிக்கு என்ன சட்டம் வைக்கிறது எண்ட பிரச்சினைக்கு பொல்.இஸ் எண்ட ஒரு மென்பொருளை வச்சு சனத்திட்டக் கேட்டவை. அதில ஆரும் ஆருக்கும் பதில் எழுதேலாது. சின்னதா ஒரு கருத்துப் போடலாம், மற்றவை அதுக்கு ஓம், இல்லை, தெரியேல்ல எண்டு அமத்துவினம், அவ்வளவுதான். பதில் எழுத இடமில்லாட்டி கொழுவலும் வராது. ஆர் ஆரோட ஒத்துப்போகினம் எண்டு அது குழுக்குழுவாக் காட்டும், எதிரெதிரா நிக்கிற ரெண்டு பகுதியும் சேர்ந்து ஓம் சொன்னது எதெண்டும் தெரியவரும். பிறகு அதை வச்சுத்தான் டாக்சிக்காரர், ஊபர்காரர், அரசாங்க ஆக்கள் எல்லாரையும் இருத்தி, ஊர் பாக்க நேரலையில கதைச்சவை. அந்த மென்பொருள் திறந்த மூலம், அதின்ர நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, நீங்களும் எடுத்துப் பாவிக்கலாம்.

ஆனா போனோட மட்டும் நிண்டிடாதேங்கோ. எங்கட பக்கத்து வீட்டு ஆச்சியிட்ட பட்டன் போன்தான். மதிலுகள் கட்ட முன்னம் தண்ணி எந்தக் காணிக்குள்ளால ஓடினது எண்டு ஒழுங்கையில வடிவாத் தெரிஞ்சது அவவுக்குத்தான், அவவிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. 2016இல இலங்கையின்ர புது அரசியலமைப்புக்குக் கருத்து எடுத்த குழு மாவட்டம் மாவட்டமா வந்து நேரிலயும் கேட்டது, எழுதியும் வாங்கினது. ஒரு ஒழுங்கைக்கு அது ஏலாதே? சனசமூக நிலையத்தில பின்னேரம் ஒரு மேசை போட்டு, ரெண்டு பெடியளை இருத்தி, வாற ஆக்கள் சொல்லுறதை எழுதச் சொல்லுங்கோ, நடக்கேலாத ஆக்களிட்ட வீட்ட போய்க் கேக்கட்டும்.

முடிவு எடுத்தாப்பிறகு எதை ஏற்றனியள், எதை விட்டனியள், ஏன் விட்டனியள் எண்டு ஒரு தாளில எழுதி அங்கயே ஒட்டுங்கோ. என்ர கருத்தை நீங்கள் விட்டாலும் பரவாயில்லை, ஏனெண்டு தெரிஞ்சாக் காணும். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் கிடக்கு, ஆச்சியும் வாசலிலதான் இருக்கிறா.

ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரி